கையோடு வந்த ஒயர்

காலை ஏழேகால் மணிக்கு வாசலில் என் கார் ‘டிக்’ என்றது. ஒரே ஒரு டிக். அடுப்படியில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்த நான் காரைப் பார்க்கவில்லை, பானட்டைத் திறக்கவில்லை, கையில் இருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன்: “பேட்டரி போச்சு.”

சிவகாசியில் இருபது வருஷத்துக்கு மேல் பேட்டரிக் கவுண்டரில் நின்றவள் சொன்ன தீர்ப்பு. அப்பீலுக்கே இடமில்லை. ஆனால் தப்பான தீர்ப்பு.

மாரீஸ்வரி, ஹக்கீம், இந்தக் கதையில் பாதி உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பாதியைக் கெடுத்தவர்கள் நீங்கள். மீதிப் பாதியைக் கெடுத்தது நான். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி அண்ணாச்சி கேட்டபோது, பேட்டரி வகைகளைப் பற்றியும் உத்தரவாதத்தைப் பற்றியும் எழுதுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அதையெல்லாம் கம்பெனிக்காரர்களே பளபளவென்று அச்சடித்துத் தருகிறார்கள். நான் சொல்லப்போவது அதில் இருக்காது.

நான் ஏன் இந்த வயதிலேயே கவுண்டரை விட்டேன் என்று கேட்கிறவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. மகளைப் பற்றிக் கவலைப்படுவது முழுநேர வேலையாகிவிட்டது, இரண்டு வேலை பார்க்க முடியவில்லை என்பதுதான் மீதி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் கவுண்டருக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. ஜவுளிக்கடைக்குச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். பலகாரக் கடைக்கு நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு போகிறார்கள். பேட்டரிக் கடைக்கு எப்போது வருகிறார்கள்? நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் வந்த லோடு லாரிக்காரன் திட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்லி முடித்த பிறகு வருகிறார்கள். வரும்போதே தீர்ப்போடு வருவார்கள். அவர்களுக்கு ஒரு பேட்டரியை எடுத்துக் கொடுப்பது சுலபம். கொடுக்காமல் நிறுத்தி வைப்பதுதான் வேலை.

ஒரு தடவை மாப்பிள்ளை ஊர்வலக் கார் ஒன்றைக் கடை வாசல்வரை தள்ளிக்கொண்டே வந்தார்கள். மாப்பிள்ளை மாலையோடு உள்ளே இருக்கிறார். நாதஸ்வரக்காரர் பின்னால் வாசித்துக்கொண்டே வருகிறார், நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. “எக்கா, இருக்கிறதுலயே பெரிய பேட்டரியாப் போடுங்க, மாப்ள மானம் போகுது” என்று ஒரு மைத்துனன் குதித்தான். பேட்டரியில் ஒரு பழுதும் இல்லை. காரைச் சுற்றி ஜிகுஜிகுவென்று எரிந்த அலங்கார விளக்குகளை எல்லாம் அலங்காரக்காரர் அதிலேயே மாட்டி, சாயங்காலத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். விளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக் காரிலிருந்து கொஞ்ச நேரம் மின்சாரம் கடன் வாங்கினோம். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஒரு வியாபாரம் போய்விட்டதே என்று அண்ணாச்சி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. ஆனால் அந்த மாப்பிள்ளை இன்றுவரை நம் கடைக்குத்தான் வருகிறார். மாமனாரையும் கூட்டி வருகிறார். மைத்துனன் மட்டும் வேறு கடைக்குப் போகிறான்.

இப்படி ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நான்தான் அன்று கரண்டியோடு தீர்ப்புச் சொன்னேன். ஏன் என்று கேட்டால் என் மகள் ராஜியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராஜி வேதியியல் படித்தவள். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்துகளைச் சோதிக்கிற அறையில் வேலை. அன்றைக்குப் பத்து நாளாகக் கம்பெனி வேனை விட்டுவிட்டு என் காரைத்தான் ஓட்டிக்கொண்டு போய்வந்தாள். அங்கே சேர்த்த முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, எதையும் தட்டாதே, இழுக்காதே, போடாதே, அழுத்தித் தேய்க்காதே என்பதுதான். அது நல்ல பாடம். ஆனால் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் சத்தம் போட்டதில்லை. டம்ளரைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைக்கிறாள். பீரோக் கதவை மூடுகிறாளா, மூடுவதாக நினைத்துக்கொள்கிறாளா என்று தெரியாது. ஊறுகாய் பாட்டில் மூடியை அவள் மூடினால், நான் தூக்கும்போது மூடி மட்டும் கையில் வரும்.

நானோ அதற்கு நேர்மாறாக ஆகிவிட்டேன். சிவகாசிப் பக்கம், பிள்ளை பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருக்கும்போது பெரிதாக எந்தச் சத்தம் கேட்டாலும் கை அப்படியே நின்றுவிடும். எதிர்வீட்டு மாடியில் தண்ணீர் டிரம் உருண்டதற்கு நான் செருப்பில்லாமல் தெருமுனைவரை ஓடியிருக்கிறேன். போன் பண்ணலாம் என்றால், போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம்வரை அவள் போன் அணைந்தே கிடக்கும். எனக்கு அந்த ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று சொல்கிற பெண்ணின் குரல், சொந்தக்காரி குரல் மாதிரிப் பழகிவிட்டது.

அதனால் ஒரு நாள் அவளாகவே, “எம்மா, சூலக்கரையில ஒரு வேலைக்கு நேர்ல கூப்பிட்டிருக்காக” என்று சொன்னபோது எனக்குக் கால் தரையில் இல்லை. எங்கே என்று கேட்டேன். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற பக்கம். ஏதோ ஒரு தனியார் ஆலோசனை நிறுவனமாம். ஆலோசனை என்றால் உட்கார்ந்து யோசிக்கிற வேலைதானே. தலைக்கு மேலே ஃபேன், சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டுக்கு பஸ், எப்போது கூப்பிட்டாலும் போன் எடுக்கலாம். அன்று சாயங்காலமே போய் அவளுக்குப் புது லஞ்ச் பை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். நேர்முகமே இன்னும் நடக்கவில்லை.

அந்த நேர்முகம்தான் அன்று. பத்தரைக்குச் சூலக்கரையில் இருக்க வேண்டும். ராஜி சாவியைத் திருப்பினாள். கார் ‘டிக்’ என்றது.

“பஸ்ல போயிருதேம்மா. இப்பக் கெளம்புனா நேரம் இருக்கு” என்றாள் ராஜி.

“பஸ்லயா? கசங்கிப் போயி நிக்கப் போறியா? நான் இருபது வருசம் பேட்டரி வித்தவ. என் மக பேட்டரி இல்லாம பஸ்ல போனான்னு ஊரு சொல்லணுமா?”

என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அச்சாபீஸில் காலண்டர் சீசன் என்பதால் அவர் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “பஸ்ஸு ஓடத்தான செய்யுது?” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடியும் தூங்கப் போய்விட்டார். அந்த வீட்டிலேயே அன்று சரியான முடிவெடுத்தவர் அவர்தான்.

நான் கடைக்குப் போன் போட்டேன். மாரீஸ்வரி, நீதான் எடுத்தாய்.

“எக்கா, சொல்லுங்க, நல்லாருக்கீகளா?”

“பேட்டரி போச்சு. ஹக்கீம்கிட்ட உடனே ஒண்ணு குடுத்து விடு.”

“சரிக்கா. லைட்டப் போட்டுப் பாத்தீகளாக்கா? மங்கலா எரியுதா, இல்ல…”

“ஏட்டி, எனக்கே பாடம் எடுக்கியா? பேட்டரி போச்சுங்கேன். கார்ல இருக்க கடியாரம் பத்து நாளாத் தெனமும் பன்னெண்டுலயே போயி நிக்கி. வேற என்ன சாட்சி வேணும்?”

“இல்லக்கா, பிளஸ் முனை எந்தப் பக்கம்னு மட்டும்…”

“பெருசா ஒண்ணு எடுத்து அனுப்பு!”

வைத்துவிட்டேன். நீ சரியான கேள்விகளைத்தான் ஆரம்பித்தாய். உன் தப்பு, ஆரம்பித்ததை நிறுத்தியது. கத்துகிற வாடிக்கையாளரிடம் இரண்டாவது கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்க வேண்டும், கேட்காமல் விடக்கூடாது. முன்னாள் கவுண்டர்க்காரி கத்தினால் இரண்டு மடங்கு மெதுவாகக் கேட்க வேண்டும்.

‘பெருசா ஒண்ணு’ என்று நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. மாற்றுப் பேட்டரி என்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி வசதியைப் பார்த்து எடுப்பதில்லை. அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த அளவு, அந்தத் தட்டில் உட்கார வேண்டும், ஒயர் எட்டுகிற பக்கத்தில் பிளஸ் இருக்க வேண்டும், கடை அலமாரியில் தூசி குடித்துக் கிடந்ததாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் பெரிது போட்டிருக்கிறார், எனக்கும் பெரிது வேண்டும் என்று வந்தவர்களை எல்லாம் நான் எவ்வளவு நையாண்டி செய்திருப்பேன்!

ஹக்கீம் பெரிய பேட்டரியைப் பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். பானட்டைத் திறந்தோம். ராஜி பக்கத்தில் வந்து, “எம்மா, அந்த ஒயரு இருக்குல்ல, கம்பெனியில…” என்று ஆரம்பித்தாள்.

“நீ உள்ள போயி பவுடரப் போடு. கரி பட்டுரப் போகுது” என்றேன்.

ஹக்கீம், இப்போது உன்னிடம் வருகிறேன். நீ பையிலிருந்து ஸ்பானரை எடுத்தாய். மைனஸ் முனையில் ஒயரைப் பிடித்தாய். ஸ்பானர் வைப்பதற்கு முன்பே ஒயர் உன் கையோடு வந்துவிட்டது, ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி. நீ ஒரு நொடி நின்றாய். என்னைப் பார்த்தாய். நான் தெருவைப் பார்த்து, “சீக்கிரம்யா, சீக்கிரம்” என்றேன். நீ ஸ்பானரைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த முனைக்குப் போய்விட்டாய். உன் பையில் மீட்டர் இருந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை.

பழையதைத் தூக்கி இறக்கி வைத்துவிட்டு, புதியதை உட்கார வைத்தோம். பிளஸ் இருக்க வேண்டிய பக்கத்தில் மைனஸ் சிரித்துக்கொண்டு இருந்தது. பிளஸ் ஒயரை இழுத்தால், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புல்லுக்குக் கழுத்தை நீட்டுகிற ஆடு மாதிரி, முக்கால் தூரம் வந்து நின்றது. பேட்டரியைத் திருப்பி வைத்தோம். உயரம் இடித்துப் பானட் மூடவில்லை.

“இப்ப என்னக்கா செய்ய?”

“கடைக்குப் போயி மாத்தி எடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“திருத்தங்கல் ரோட்டுல கேட்டுப் போட்டிருக்காகக்கா. ரயிலு வரணும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “எக்கா, ஒரு துண்டு ஒயர ஒட்டுப் போட்டு நீட்டிரவா? சூலக்கரை வரைக்கும் தாங்கும்.”

அந்த இடத்தில் நான் உடனே ‘கூடாது’ என்று சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். சொல்லவில்லை. யோசித்தேன். முறுக்கிச் சுற்றிய ஒயர் சூடேறும், சூடேறினால் என்ன ஆகும் என்று நம் கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் யோசித்தேன். மகளை அந்தப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்ற பயத்தில், அவளை ஒட்டுப் போட்ட ஒயருக்குப் பின்னால் உட்கார வைக்கத் தயாராக இருந்தேன். பயந்தவர்களின் கணக்கு இப்படித்தான் இருக்கும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் எந்த அபாயத்துக்குப் பயப்படுகிறாரோ, அதைத் தவிர மற்ற எல்லா அபாயத்தையும் வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பார். நாம் சம்மதிக்கக் கூடாது.

ராஜிதான் சம்மதிக்கவில்லை. “ஒட்டு ஒயரா? எங்க கம்பெனியில அதச் சொன்னாலே வெளிய அனுப்பிருவாக. நான் கெளம்புதேன்” என்று பையை எடுத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நடந்தாள். கேட்டைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்தினாள். அது கொக்கி விழாமல் திரும்பத் திறந்துகொண்டது.

நான் திண்டாடி நின்றேன். ஹக்கீம் பாவம், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று பழைய பேட்டரியை மறுபடியும் அதன் தட்டில் தூக்கி வைத்து, ஒயர்களை மாட்டி, நம் கடைப் பழக்கப்படி ஸ்பானரால் இறுக்கினான். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குத் தெருவைவிடக் கார் பரவாயில்லை என்று உள்ளே ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியை ஏற்றலாம் என்று சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிவிட்டேன் போல.

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

நானும் ஹக்கீமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எதிர்வீட்டு மதினி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “பாத்தியா, புதுப் பேட்டரின்னா புதுப் பேட்டரிதான்! என்னமா இழுக்கு!” என்று பாராட்டினார். புதுப் பேட்டரி தரையில், வேப்பமரத்து நிழலில், அதுபாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

“ஏலே ஹக்கீம், என்னலே செஞ்ச?”

“ஒண்ணும் செய்யலக்கா. இறுக்குனேன். அம்புட்டுத்தான்.” கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்தான். “கழட்டும்போதே ஒயரு கையோட வந்துச்சுக்கா.”

“வந்துச்சுன்னா சொல்ல மாட்டியா?”

“நீங்க பாத்திருப்பீகன்னு நெனச்சேன். நீங்க பாத்தும் ஒண்ணும் சொல்லலன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்.”

ஹக்கீம், நான் உன்னை மன்னித்துவிட்டேன். முழுசாக இல்லை. புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இந்தக் கதையில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் இதுதான். பக்கத்தில் நிற்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், உங்கள் கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லிவிடுங்கள். ‘அக்கா, ஒயரு லூசா இருக்கு.’ நாலே வார்த்தை. நான் திட்டியிருப்பேன். திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தும் இருப்பேன்.

ராஜிக்குப் போன் போட்டேன். சொந்தக்காரி குரல் வந்தது. ஸ்விட்ச் ஆஃப்.

மாடியிலிருந்து மதினி விடவில்லை. “ராஜியவா தேடுத? அது அப்பவே கம்பெனி வேன்ல ஏறிப் போயிருச்சே!”

கம்பெனி வேன் என்றால் எம். புதுப்பட்டி. இவ்வளவு கூத்தையும் பார்த்து வெறுத்துப்போய், நேர்முகமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வேலைக்கே போய்விட்டாளா? போன் அணைந்திருக்கிறதே. ஆனால் நேர்முக அறையிலும் போனை அணைக்கத்தானே சொல்வார்கள்? இல்லை, இன்னும் நேரமே ஆகவில்லையே. கம்பெனி கேட்டுக்கு வெளியே இருக்கும் வாட்ச்மேன் அறைக்குப் போன் போட்டேன்.

“ராஜி பாப்பாவா? வேனு இன்னும் வந்து சேரலம்மா. யாரு வர்றாக, வரலன்னு வந்தாத்தான் தெரியும். கார்ல வரலியா?”

“காரு மக்கர் பண்ணுதுண்ணே. பேட்டரி ஒயரு லூசு.”

“அப்படியா? எங்க மேனேசரு உத்தரவும்மா, உள்ள வந்து நிக்கிற எந்த வண்டின்னாலும் பேட்டரி ஒயரு ஒண்ணக் கழட்டி வச்சிரணும். நான்தான் தெனமும் பொறி வராத பித்தளை ஸ்பானர் எடுத்துக் குடுப்பேன். பாப்பாவே கழட்டும், போகும்போது பாப்பாவே மாட்டும். மத்தவக மாதிரி முறுக்கிக் கிறுக்கித் தட்டாது. பூ மாதிரி வச்சிட்டுப் போகும். ஒரு சத்தம் வராது. தங்கமான பிள்ளைம்மா!”

தினமும் கழற்றினால் கடிகாரம் தினமும் பன்னிரண்டில் போய் நிற்காமல் என்ன செய்யும்? பூ மாதிரி வைத்தால் எங்கள் தெரு வேகத்தடையில் கழன்றுகொள்ளாமல் என்ன செய்யும்? பத்து நாளாகக் கார் என்னிடம் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் காதில் வாங்கவில்லை. ராஜி சொல்ல வந்தாள். அவளைப் பவுடர் போட அனுப்பினேன்.

ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. காரை எந்தப் பக்கம் திருப்புவது? எம். புதுப்பட்டிக்கா, சூலக்கரைக்கா? இரண்டும் வேறு வேறு திசை. ஒன்றுக்குப் போய்விட்டு மற்றதற்குப் போக முடியாது.

கரண்டித் தீர்ப்பு சொன்ன கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, அன்று காலையில் முதல் தடவையாக யோசித்தேன். என் கண்ணால் நான் என்ன பார்த்தேன்? ராஜி கிளம்பும்போது என்ன போட்டிருந்தாள்? நீல நிறப் பாலியஸ்டர் சுடிதார். கம்பெனிக்கு நைலான், பாலியஸ்டர் எதுவும் ஆகாது. உரசினால் பொறி வரும் என்று பருத்தித் துணி தவிர வேறு எதோடும் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். அதே வாட்ச்மேன் ஒரு தடவை முதலாளியின் மருமகனையே சட்டையைத் தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர். அந்தச் சுடிதாரோடு அவள் கம்பெனிக்குக் கிளம்பியிருக்க முடியாது.

சூலக்கரைக்குத் திருப்பினேன்.

நியாயமான முடிவுதான். ஆனாலும் ஆமத்தூர் தாண்டுகிறவரை, அவள் கம்பெனியில் மாற்றிக்கொள்ள ஒரு பருத்திச் செட்டு வைத்திருப்பாளோ என்று நினைத்து நினைத்துச் செத்தேன். வழியில் முந்திய ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். ஒரு பஸ்ஸில் நீலச் சுடிதாரைப் பார்த்து ஹாரன் அடித்துக் கையாட்டினேன். அந்தப் பெண்ணும் சிரித்துக் கையாட்டினாள். யாரோ. நடுவில் ஹக்கீமிடமிருந்து போன் வந்தது. அலறியடித்து ஓரம் கட்டி எடுத்தேன்.

“எக்கா, இந்தப் பெரிய பேட்டரிய ரிட்டர்ன் போட்டிரவா, இல்ல நீங்க வச்சுக்கிறீகளா?”

அவனுக்கு நான் சொன்ன பதிலை எழுதினால் அண்ணாச்சி இந்தக் கட்டுரையைச் சுவரில் ஒட்டமாட்டார்.

சூலக்கரையில் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்து, வாசலில் காரை நிறுத்திவிட்டு நின்றேன். இன்ஜினை அணைக்கவில்லை. பயம். உள்ளே போய்க் கேட்கலாம் என்றால் வரவேற்பில் இருந்த பெண், “இன்டர்வியூ நடக்கு, யாரையும் விடக் கூடாது. பேரெல்லாம் எங்கிட்ட இல்லம்மா” என்றுவிட்டாள். மறுபடியும் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். உள்ளே இருந்தாலும் அதே குரல்தான், கம்பெனியில் இருந்தாலும் அதே குரல்தான். இரண்டுக்கும் இடையில் இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர். அதற்கு நடுவில் நான்.

அந்த நேரத்தில் எங்கேயோ ‘டமார்’ என்று ஒரு சத்தம். பக்கத்துச் சாலையில் ஜல்லி லாரி பின்கதவைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. அது ஜல்லி என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகும், எம். புதுப்பட்டிப் பக்கம் வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் பிள்ளைகள் வரும்.

கதவு திறந்தது. நீலச் சுடிதார் படியிறங்கி வந்தது. கசங்கவே இல்லை.

“காரு எப்படிம்மா ஓடுச்சு?” என்றாள் ராஜி.

“அது கெடக்கட்டும். நீ கம்பெனி வேன்லயா வந்த?”

“ஆமா. வேனுன்னதும் பழக்கத்துல போன அணைச்சிட்டேன். டிரைவரண்ணன் ஆளேத்தப் போகையில திருத்தங்கல்ல எறக்கிவிட்டாரு. அங்கன பஸ்ஸு ரெடியா நின்னுச்சு. நேரத்தோட வந்துட்டேன்.”

“என்னடி ஆச்சு உள்ள?”

“எடுத்துக்கிட்டாகம்மா. அடுத்த மாசம் வந்து சேரச் சொல்லிட்டாக.”

நான் அந்த நடுரோட்டில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. எல்லாச் சாமிக்கும் ஒரு தடவை நன்றி சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தேன். “உனக்கு எந்த ரூமு? மேலயா, கீழயா? ஜன்னல் பக்கமாக் கேட்டு வாங்கிக்க.”

“ரூமா? எனக்கு ஏதும்மா ரூமு? மாசத்துல ஒரு நாளு வந்து கையெழுத்துப் போட்டாப் போதும். மத்த நாளெல்லாம் வெளியதான். சிவகாசி, வெம்பக்கோட்டை, புதுப்பட்டி, இந்த மாவட்டத்துல இருக்க அம்புட்டுப் பட்டாசுக் கம்பெனிக்கும் போயி, பாதுகாப்பு ஒழுங்கா இருக்கா, எங்கன ஓட்டை இருக்குன்னு பாத்துச் சொல்லணும். அதான் ஆலோசனை.”

“அம்புட்டுக் கம்பெனிக்குமா?”

“எங்க சரியில்லையோ அங்க மொதல்ல.”

கார்க் கூரையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “இத ஏண்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?”

ராஜி கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாத்தினாள். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள்:

“எங்க வேலைன்னு கேட்ட, சொன்னேன். என்ன வேலைன்னு நீ கேக்கவே இல்லையேம்மா.”